வாசிப்புத் தாளை வாசித்தே எழுதலாம்

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் வாசிப்புத் தாளைப் பற்றிச் சொல்லும் முதல் குறை, நேரம் போதவில்லை என்பதுதான். மதுரையில் மாலை நேரங்களில் செவிலியர்களுக்கும், மேற்படிப்புக்காக வெளிநாடு செல்ல விரும்பும் பொறியியல் பட்டதாரிகளுக்கும் இந்த ஒரு தாளுக்காகவே நான் பயிற்சி அளித்து வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஏதாவது ஒரு பயிற்சி மையத்துக்குப் போய், மாதிரித் தேர்வுகளை அடுக்கடுக்காக எழுதி, ஆறு அல்லது ஆறரை பேண்டுக்கு (ஒன்பது வரை செல்லும் மதிப்பெண் நிலை) மேல் நகராமல் சோர்ந்து போனவர்கள். அவர்கள் எல்லோரும் ஒரே அறிவுரையைக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள்: கொடுக்கப்பட்ட பகுதியைப் படிக்காதே, நேரே கேள்விக்குப் போ, கேள்வியில் உள்ள முக்கியச் சொல்லைப் பகுதியில் தேடு, அது கிடைத்த இடத்தில் பதிலை எடு. இந்த அறிவுரைதான் அவர்களுடைய மதிப்பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதை விளக்குவதற்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். மேற்படிப்புக்குச் செல்பவர்கள் எழுதும் ‘அகாடமிக்’ வகை வாசிப்புத் தாளில் மூன்று பகுதிகள், 40 கேள்விகள், 60 நிமிடங்கள். மூன்று பகுதிகளையும் சேர்த்தால் மொத்தம் 2,150 முதல் 2,750 சொற்கள் வரை இருக்கும். நிமிடத்துக்கு 150 சொற்கள் என்பது ஆங்கிலத்தில் நிதானமான வேகம்தான். அந்த வேகத்தில் படித்தால், மிக நீளமான தாளைக்கூட ஏறக்குறைய 18 நிமிடங்களில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துவிடலாம். நிமிடத்துக்கு 120 சொற்கள் என்று இன்னும் மெதுவாகப் படிப்பவருக்கும் 23 நிமிடங்கள் போதும். அதன் பிறகும் கேள்விகளுக்கு 37 நிமிடங்கள் மீதம் இருக்கின்றன. அப்படியானால் நேரம் எங்கே போகிறது? படிப்பதில் போகவில்லை, தேடுவதில் போகிறது. பகுதியைப் படிக்காமல் கேள்விக்குப் போனவர், முதல் கேள்விக்காக அதைப் புரட்டுகிறார், இரண்டாவது கேள்விக்காக மீண்டும் மேலிருந்து புரட்டுகிறார். ஒவ்வொரு முறையும் கண்ணில் படுவது ஏதோ ஒரு துண்டு வாக்கியம். அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று தெரியாததால் அதன் பொருளும் பிடிபடுவதில்லை. இப்படி நான்கைந்து முறை அரைகுறையாகப் பார்ப்பதற்குச் செலவாகும் நேரத்தில் ஒருமுறை முழுமையாகப் படித்திருக்கலாம்.

இந்தச் சொல் தேடும் பழக்கத்தைப் பயிற்சி மையங்கள்தான் உண்டாக்கின என்று சொல்வது நியாயமாகாது. அதன் வேர் நம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. ஆங்கிலப் பாடத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து, அதன் கீழே ஐந்து கேள்விகள் கேட்பார்கள். கேள்வியில் என்ன சொல் இருக்கிறதோ அதே சொல் பத்தியிலும் இருக்கும். அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். பத்தி எதைப் பற்றியது என்று தெரியாமலே ஐந்துக்கு ஐந்து வாங்கிவிடலாம். பன்னிரண்டு ஆண்டுகள் இப்படிப் பழகிய கண், புதிய தேர்விலும் அதையே செய்யும். ஆனால் ஐஇஎல்டிஎஸ் வினாக்களை அமைப்பவர்கள் சரியான பதில் இருக்கும் இடத்தில் கேள்வியின் சொற்களைப் பெரும்பாலும் வைப்பதில்லை. அதே கருத்து அங்கே வேறு சொற்களில் இருக்கும். கேள்வியில் உள்ள அதே சொல் பகுதியில் பளிச்சென்று தெரிந்தால், அது பல சமயங்களில் தவறான இடமாகவே இருக்கிறது. சொல்லைத் தேடிப் போகிறவர் நேராக அந்தப் பொறியில் போய் விழுகிறார். பொருளைத் தேடிப் போகிறவருக்கு அந்தச் சொல் அங்கே இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

இந்தத் தாளின் இயல்பைப் புரிந்துகொள்ள அதன் வரலாற்றில் ஒரு சிறு செய்தி உதவும். 1989இல் இந்தத் தேர்வு இப்போதைய பெயரில் தொடங்கியபோது, வாசிப்பும் எழுத்தும் மாணவர் படிக்கப் போகும் துறைக்கேற்பத் தனித்தனியாக அமைந்திருந்தன. 1995இல் அந்தப் பிரிவுகளை எடுத்துவிட்டு, எல்லாத் துறையினருக்கும் பொதுவான ஒரே அகாடமிக் வாசிப்புத் தாளைக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் இன்றைய பகுதிகள் புத்தகங்கள், இதழ்கள், செய்தித்தாள்கள் ஆகியவற்றிலிருந்து, துறை வல்லுநர் அல்லாத பொது வாசகருக்காக எழுதப்பட்டவையாக எடுக்கப்படுகின்றன. எறும்புகளின் நடத்தை, பழைய கண்ணாடித் தொழில், நகரப் போக்குவரத்து, குழந்தைகள் மொழி கற்கும் விதம் என்று எது வேண்டுமானாலும் வரலாம். பதில் சொல்ல அந்தத் துறையின் அறிவு தேவையில்லை. தேவையானது எல்லாம் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள் கேள்விப்பட்டிராத கலைச்சொல் ஒன்று வந்தால், பெரும்பாலும் அடுத்த வரியிலேயே அதற்கு விளக்கம் இருக்கும். ஆனால் அந்த விளக்கம், வரிசையாகப் படித்து வருகிறவர் கண்ணுக்கு மட்டும்தான் படும்.

என்னிடம் வருகிறவர்கள் அதிகம் அஞ்சுவது ‘ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்’ என்ற வகைக் கேள்விகளுக்குத்தான். ஒரு கூற்றைக் கொடுத்து, பகுதியின்படி அது சரியா, தவறா, அல்லது அதைப் பற்றிப் பகுதியில் சொல்லப்படவே இல்லையா என்று கேட்பார்கள். அதிலும் மூன்றாவதாக உள்ள ‘நாட் கிவன்’ பலருடைய தூக்கத்தைக் கெடுக்கிறது. எனக்கோ, இந்தத் தாளிலேயே மிக நேர்மையான கேள்வி வகை இதுதான் என்று தோன்றுகிறது. எழுதியவர் சொன்னது எது, சொல்லாதது எது என்று பிரித்தறிவதே வாசிப்பின் அடிப்படை. அதை இவ்வளவு நேரடியாகச் சோதிக்கும் கேள்வி வேறொன்றில்லை.

ஓர் உதாரணம் தருகிறேன். இப்படி ஒரு பத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “1938 டிசம்பரில், தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகர அருங்காட்சியகப் பொறுப்பாளரான மார்ஜரி கோர்ட்னே லாட்டிமர், மீன்பிடிக் கப்பல் ஒன்று கரைக்குக் கொண்டுவந்த மீன்களுக்கிடையே, நீல நிறத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு பெரிய மீனைக் கண்டார். அவர் வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்த மீனியல் ஆய்வாளர் ஜே.எல்.பி. ஸ்மித், அது சீலகாந்த் என்று அடையாளம் கண்டார். டைனோசர்கள் மறைந்த காலத்தோடு, அதாவது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அந்த வகை மீன் அடியோடு அழிந்துவிட்டதாகவே அறிவியலாளர்கள் அதுவரை நம்பியிருந்தார்கள்.”

இதன் கீழே மூன்று கூற்றுகள். ஒன்று, 1938க்கு முன்பு சீலகாந்த் உயிரோடு இல்லை என்பதே ஆய்வாளர்களின் கருத்தாக இருந்தது. இது சரி. பத்தியில் ‘அடியோடு அழிந்துவிட்டது’ என்று இருப்பது கூற்றில் ‘உயிரோடு இல்லை’ என்றும், ‘அறிவியலாளர்கள்’ என்பது ‘ஆய்வாளர்கள்’ என்றும் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு, அந்த மீன் எந்த இனம் என்று முதலில் கண்டறிந்தவர் அருங்காட்சியகப் பொறுப்பாளர். இது தவறு, கண்டறிந்தவர் ஸ்மித் என்று பத்தி வெளிப்படையாகச் சொல்கிறது. மூன்று, 1938க்கு முன்பு அந்த மீனை மீனவர்கள் யாரும் பார்த்ததே இல்லை.

இந்த மூன்றாவது கூற்றில்தான் வகுப்பு இரண்டாகப் பிரியும். அழிந்துவிட்டதாக அறிவியலாளர்களே நம்பினார்கள் என்றால் யாரும் பார்த்திருக்க முடியாது என்று நினைத்து ‘ட்ரூ’ என்று சிலர் எழுதுவார்கள். பொது அறிவு உள்ளவர்கள் ‘ஃபால்ஸ்’ என்று எழுதுவார்கள். ஏனென்றால் 1952இல் கொமொரோ தீவுகளில் இரண்டாவது மீன் கிடைத்தபோது, அங்குள்ள மீனவர்களுக்கு அது ஏற்கெனவே பழக்கமான மீன், அதற்கு அவர்கள் மொழியில் ஒரு பெயர்கூட இருந்தது என்பதை அவர்கள் எங்கோ படித்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த செய்தி உண்மைதான். ஆனால் அது இந்தப் பத்தியில் இல்லை. மீனவர்கள் முன்பு பார்த்தார்களா இல்லையா என்பதைப் பற்றிப் பத்தி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆகவே ‘நாட் கிவன்’. அறியாமையால் தவறு செய்பவரும் அறிவால் தவறு செய்பவரும் இங்கே ஒரே மதிப்பெண்ணை இழக்கிறார்கள். நன்றாகப் படித்த, நிறையச் செய்திகள் தெரிந்த மாணவர்கள் இந்த வகைக் கேள்வியில் தடுமாறுவதற்கு இதுவே காரணம். அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, இந்த ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்குத் தெரிந்தது எல்லாம் வெளியே இருக்கட்டும், இந்தக் காகிதத்துக்கு என்ன தெரியும் என்று மட்டும் பாருங்கள் என்பதுதான்.

‘ஃபால்ஸ்’ என்பதா ‘நாட் கிவன்’ என்பதா என்ற சந்தேகம் வரும்போது நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: பகுதி சொல்வதும் கூற்று சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா? முடியாது, ஒன்று உண்மையானால் மற்றது பொய்யாகியே தீரும் என்றால் ‘ஃபால்ஸ்’. இரண்டும் சேர்ந்து இருக்க முடியும், ஆனால் பகுதி கூற்றை உறுதி செய்யவில்லை என்றால் ‘நாட் கிவன்’. ஸ்மித் கண்டறிந்தார் என்பதும் பொறுப்பாளர்தான் முதலில் கண்டறிந்தார் என்பதும் சேர்ந்திருக்க முடியாது. அறிவியலாளர்கள் அழிந்ததாக நம்பினார்கள் என்பதும் மீனவர்கள் பார்த்ததில்லை என்பதும் சேர்ந்திருக்கலாம். அதேபோல மீனவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்திருக்கலாம். இரண்டுக்கும் இடம் இருப்பதே, பத்தி அதைப் பற்றி மௌனமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். இந்த வகைக் கேள்விகளின் பதில்கள் பகுதியில் கேள்வி வரிசையிலேயே வரும் என்பது இன்னோர் உதவி. நான்காவது கேள்விக்கும் ஆறாவது கேள்விக்கும் இடம் தெரிந்துவிட்டால், ஐந்தாவதை அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் பார்த்தால் போதும். அந்த இடைவெளியில் அது இல்லையென்றால் இல்லைதான். மீண்டும் மேலிருந்து தேடி நேரத்தை இழக்க வேண்டியதில்லை.

இதோடு நெருங்கிய உறவுடைய ‘எஸ், நோ, நாட் கிவன்’ வகை, செய்தியை அல்லாமல் எழுதியவரின் கருத்தைக் கேட்கிறது. மூன்று பகுதிகளில் குறைந்தது ஒன்றாவது வாதத்தை முன்வைக்கும் கட்டுரையாக இருக்கும். இந்த வகை பெரும்பாலும் அங்கேதான் வரும். பிறருடைய கருத்தை எடுத்துச் சொல்லிவிட்டு, பிறகு அதை மறுப்பது கட்டுரையாளர்களின் வழக்கம். இடையில் ஒரு வாக்கியத்தை மட்டும் பார்த்தவர், மறுக்கப்பட்ட கருத்தையே எழுதியவரின் கருத்து என்று எடுத்துக்கொள்வார்.

அடுத்ததாக, தமிழ் பேசுகிற நமக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். இதைப் பயிற்சிப் புத்தகங்களில் காண முடியாது, ஏனென்றால் அவை எல்லா மொழியினருக்கும் பொதுவாக எழுதப்படுபவை. தமிழ் வாக்கியத்தில் நிபந்தனைகளும் விலக்குகளும் அடைமொழிகளும் முன்னால் வரும். வினைமுற்று கடைசியில் வந்து எல்லாவற்றையும் முடித்து வைக்கும். அதனால் வாக்கியம் எவ்வளவு நீண்டாலும் கடைசிச் சொல் வரை பொறுமையாக இருப்பது நமக்கு இயல்பு. முடிவு அங்கேதான் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றன. வினையைப் பார்த்ததும் வாக்கியம் முடிந்துவிட்டதாக நம் மனம் உள்ளூரத் தீர்மானித்துக்கொள்கிறது. அதற்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும் ‘இன்னது நடக்காவிட்டால்’, ‘இந்தப் பகுதியைத் தவிர’, ‘குறைந்தபட்சம் ஆரம்ப ஆண்டுகளில்’ போன்ற வால்பகுதிகளைக் கண் பார்க்கிறது, கருத்து வாங்குவதில்லை. வினா அமைப்பவர்கள் விரும்பிக் கைவைப்பதோ அந்த வாலில்தான். பகுதியில் ‘பெரும்பாலான’ என்று இருந்தது கூற்றில் ‘எல்லா’ என்று மாறியிருக்கும். ‘இருக்கலாம்’ என்று இருந்தது ‘இருக்கிறது’ என்று மாறியிருக்கும். ‘இதுவரை’ என்ற ஒரு சொல் காணாமல் போயிருக்கும்.

இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி மிக எளிமையானது, ஆனால் நிறைய உழைப்பைக் கேட்பது. பகுதியிலிருந்து நீளமான வாக்கியங்கள் சிலவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் முதன்மை எழுவாயையும் முதன்மை வினையையும் பென்சிலால் அடிக்கோடிட வேண்டும். மீதமுள்ள ஒவ்வொரு தொடரும் எந்தச் சொல்லைப் பற்றிச் சொல்கிறது என்று ஓர் அம்புக்குறி போட வேண்டும். பிறகு அந்த வாக்கியத்தின் முழுப் பொருளையும் தமிழில் ஒரே வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கடைசியில் இருந்த நிபந்தனை தமிழில் முன்னுக்கு வந்தாக வேண்டும் என்பதால், அதைத் தவறவிட்டவருக்கு வாக்கியத்தைத் தொடங்கவே முடியாது. எதைக் கவனிக்கவில்லை என்பது அந்த இடத்திலேயே வெளிச்சமாகிவிடும். ஆங்கிலத் தேர்வுக்கு ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும், தமிழை நினைக்கவே கூடாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தேர்வு அறையில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க நேரமில்லை என்பது உண்மைதான். பயிற்சிக் காலத்தில் புரிதலைச் சோதித்துப் பார்க்கத் தாய்மொழியை விடக் கூர்மையான கருவி வேறில்லை. தமிழில் நாவலும் கட்டுரையும் வாசிக்கும் வழக்கம் உள்ளவர்கள், ஆங்கிலம் சற்றுக் குறைவாக இருந்தாலும், இந்தத் தாளில் விரைவாக முன்னேறுவதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். எழுதியவர் பேச்சை எங்கிருந்து எங்கே கொண்டுபோகிறார் என்று பின்தொடரும் திறமை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சொற்கள் மட்டுமே சேர வேண்டியிருக்கிறது.

பத்திகளுக்குத் தலைப்புப் பொருத்தும் கேள்விகளில் இந்தத் திறமை நேரடியாகப் பயன்படுகிறது. கொடுக்கப்படும் தலைப்புகள் பத்திகளின் எண்ணிக்கையை விட அதிகமாக இருக்கும். மிஞ்சுபவை, ஏதாவது ஒரு பத்தியில் உள்ள சிறு செய்தியைக் கவர்ச்சியாகச் சொல்பவையாக இருக்கும். ஒரு பத்தியைப் படித்து முடித்ததும் ‘இதில் என்னென்ன இருக்கிறது’ என்று கேட்டுக்கொள்ளாமல், ‘இந்தப் பத்தியை எடுத்துவிட்டால் கட்டுரையில் எது குறையும்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு வரும் பதில்தான் தலைப்பு. எந்தச் செய்தி எந்தப் பத்தியில் உள்ளது என்று கேட்கும் வகை வேறு. அங்கே பதில்கள் வரிசையில் வராது, ஒரே பத்தி இரண்டு கேள்விகளுக்கு விடையாகவும் இருக்கலாம். பகுதியை முழுதாகப் படித்தவருக்கு இது நினைவுச் சோதனை போல எளிது. படிக்காதவருக்கோ நேரத்தை விழுங்கும் கேள்வி. அதை அந்தப் பகுதியின் மற்றக் கேள்விகளை முடித்த பிறகு கடைசியாக எடுத்துக்கொள்வது நல்லது.

செவிலியர்களுக்கு இந்தத் தாள் எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் செவிலியர், மகப்பேறு மன்றத்தில் பதிவு செய்ய, ஐஇஎல்டிஎஸ் வழியாகச் செல்பவர்களுக்கு எழுத்தில் 6.5 போதும், ஆனால் வாசிப்பிலும் கேட்டலிலும் பேச்சிலும் 7 வேண்டும். அகாடமிக் தாளில் 40க்கு 23 சரியாக இருந்தால் ஏறத்தாழ 6 பேண்டு, 30 சரியாக இருந்தால் 7, 35 சரியாக இருந்தால் 8. ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் ஏழு கேள்விகள். இரவுப் பணி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து படிக்கும் ஒரு பெண்ணின் பல ஆண்டுத் திட்டம் அந்த ஏழு கேள்விகளில் மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, அவருக்குத் தவறான அறிவுரை கொடுக்கப்பட்டிருக்கிறதே என்று எனக்கு வேதனையாக இருக்கிறது. ஏழு கேள்விகள் என்பது பெரிய தூரமில்லை. சொல் தேடும் பழக்கத்தை விட்டுவிட்டுப் படிக்கத் தொடங்கியவர்கள் அதைக் கடப்பதை நான் கண்டிருக்கிறேன்.

செவிலியர்கள் பலர் ஓஇடி தேர்வு எழுதலாமா என்றும் கேட்கிறார்கள். மருத்துவத் துறையினருக்காக ஆஸ்திரேலியாவில் உருவான தேர்வு அது. அதன் வாசிப்புத் தாளின் முதல் பிரிவில் நான்கு சிறு குறிப்புகள், 20 கேள்விகள், 15 நிமிடங்கள். அந்தப் பிரிவில் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை; மருந்தளவு எந்தக் குறிப்பில் இருக்கிறது என்று வேகமாகப் பார்க்கத் தெரிய வேண்டும். கேள்விக்கு நேரே போய்ச் சொல்லைத் தேடு என்ற அறிவுரை அங்கே பொருந்தும். ஆனால் அடுத்த இரண்டு பிரிவுகளுக்கு அது பொருந்தாது. ஒரு தேர்வின் ஒரு பிரிவுக்கு உரிய உத்தியை எல்லாத் தேர்வுகளுக்கும் பொதுவாக்கிவிட்டதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

மாதிரித் தேர்வுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தினமும் ஒன்று எழுதி, விடைத்தாளோடு ஒப்பிட்டு, மதிப்பெண்ணைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போவது பயிற்சியாகாது. அது நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டுமே தவிர, அங்கிருந்து உங்களை நகர்த்தாது. ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, முதலில் கடிகாரமே இல்லாமல், ஒவ்வொரு பத்தியும் முடிந்ததும் தாளை மூடி அதன் சாரத்தை ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்தப் பத்தியை மீண்டும் படியுங்கள். பிறகு கேள்விகளுக்கு விடை எழுதும்போது, ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வாக்கியத்தின் பக்கத்தில் கேள்வி எண்ணைக் குறியுங்கள். ஆதாரம் காட்ட முடியாத விடை, சரியாக அமைந்திருந்தாலும் சரியல்ல என்றே வைத்துக்கொள்ளுங்கள். தவறிய கேள்விகளை விடைத்தாள் பார்த்ததோடு விடாமல், கேள்வியின் சொற்களும் பகுதியின் சொற்களும் எப்படி மாறியிருக்கின்றன என்று ஒரு நோட்டில் அருகருகே எழுதுங்கள். அந்த நோட்டு நிரம்ப நிரம்ப, வினா அமைப்பவர்கள் சொற்களை மாற்றும் விதம் உங்களுக்குப் பழகிவிடும். தெரியாத சொல் வந்ததும் கைபேசியில் பொருள் தேடாதீர்கள். வாக்கியத்தைக் கொண்டு ஊகித்து, ஊகத்தை எழுதி வைத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு அகராதியோடு சரிபாருங்கள். இப்படிப் படித்தால் ஒரு பகுதிக்கு ஒரு மாலை முழுவதும் போகும். போகட்டும், தொடக்கத்தில் அப்படித்தான் போக வேண்டும். முழுத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதுவது கடைசி வாரங்களுக்கு உரியது.

தேர்வுப் பகுதிகளுக்கு வெளியேயும் படிக்க வேண்டும். ‘தி இந்து’ தலையங்கம் படி என்பது நம் ஊரில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் அறிவுரை. அது நல்ல அறிவுரைதான்; வாதம் எப்படி நகர்கிறது என்று கற்க அதைப் போல ஒரு பக்கம் கிடைப்பதற்கரிது. ஆனால் தலையங்கத்தின் அரசியல், பொருளாதாரச் சொற்கள் மட்டும் இந்தத் தேர்வுக்குப் போதா. அறிவியலையும் வரலாற்றையும் பொது வாசகருக்காக எழுதும் நியூ சயின்டிஸ்ட், நேஷனல் ஜியோகிராஃபிக் போன்ற இதழ்களின் நீண்ட கட்டுரைகளே தேர்வுப் பகுதிகளின் நடைக்கு நெருக்கமானவை. மதுரைக்காரர்களுக்குப் புதுநத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும், சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. கைபேசியின் ஓசை இல்லாமல், ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் படிக்கும் பொறுமையைப் பழக்கிக்கொள்ள இவற்றை விட நல்ல இடம் இல்லை. கணினியில் தேர்வு எழுதப் போகிறவர்கள் சில நீண்ட கட்டுரைகளைத் திரையிலும் படித்துப் பழக வேண்டும். அங்கே பகுதி இடப்பக்கமும் கேள்விகள் வலப்பக்கமும் இருக்கும். வரிகளுக்கு வண்ணமிட்டுக் குறித்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

தேர்வு நாளில் நேரத்தைப் பகிர்வதைப் பொறுத்தவரை, பகுதிக்கு 20 நிமிடம் என்ற சமமான பங்கீட்டை நான் பரிந்துரைப்பதில்லை. மூன்றாவது பகுதியே பொதுவாகக் கடினமானது. முதல் பகுதியை ஏறத்தாழ 16 அல்லது 17 நிமிடங்களிலும், இரண்டாவதை 20 நிமிடங்களிலும் முடித்தால் மூன்றாவதற்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். காகிதத்தில் எழுதுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது, கேட்டல் தாளைப் போல விடைகளைப் படியெடுக்க இங்கே தனியாக நேரம் தரமாட்டார்கள் என்பது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் விடைகளை விடைத்தாளில் ஏற்றிவிடுங்கள். கோடிட்ட இடங்களை நிரப்பும் கேள்விகளில் ‘இரண்டு சொற்களுக்கு மிகாமல்’ என்று இருந்தால் மூன்றாவது சொல் எழுதியதும் மதிப்பெண் போய்விடும். அந்தச் சொல் பகுதியில் பன்மையில் இருந்தால் பன்மையிலேயே, எழுத்துப் பிழையில்லாமல் எடுத்து எழுத வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் எந்த இடத்தையும் வெறுமையாக விடக் கூடாது. கடைசி இரண்டு நிமிடங்களைப் புதிய கேள்வி எதற்கும் கொடுக்காமல், விடுபட்ட இடங்களை நிரப்பவும், எண்கள் மாறி விடைகள் வேறு வரிசையில் விழுந்திருக்கின்றனவா என்று பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.